டிரைவர் இல்லாத கார் வரும்வரை

கூப்பிடுகிற நாளில் மட்டும் போய் அடுத்தவர் காரை ஓட்டும் ஆக்டிங் டிரைவர் வேலையில் ஓட்டும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். கல்யாண மண்டப வாசல், ஆஸ்பத்திரி வாசல், ஜவுளிக்கடைச் சந்து என்று உட்கார்ந்திருந்த நேரங்களில் எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிக்கப் பழகியவன் நான். மனைவி போன பிறகு வீட்டில் பேச்சு கிடையாது. காரில் ஏறுகிறவர்கள் பேசுவதைக் கேட்பதோடு சரி. சில வருஷங்களாக அவர்கள் எல்லோரும் ஒன்றையே பேசுகிறார்கள்: தானாக ஓடும் கார். என்னைப் போல ஸ்டியரிங் பிடித்துப் பிழைப்பவர் என்றால் உங்கள் காதிலும் இது விழுந்திருக்கும். விழாத மாதிரி நீங்களும் சிக்னலையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பீர்கள்.

காரை விற்காத டீச்சர்

மயிலாப்பூரில் ஒரு டீச்சரம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் ஓட்டுகிறேன். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். கண்ணில் நோய் வந்து பார்வையின் நடுப்பகுதி மங்கிவிட்டது. ஓரத்தில் இருப்பது தெரியும். எதிரே நிற்பவர் முகம் தெரியாது. வெளிநாட்டில் இருக்கும் மகன், "காரை வித்துடும்மா, டாக்ஸி புக் பண்ணிக்கோ" என்று போனில் சொல்லாத நாள் இல்லை. அந்த மகனுக்கு வேலையே தானாக ஓடும் காருக்கு சாஃப்ட்வேர் எழுதுவது. கார் போனால் எனக்கும் அந்த இரண்டு நாள் வேலை போகும்.

ஒருநாள் லஸ் சிக்னலில் நிற்கும்போது, டாக்ஸி செலவு குறைச்சல்தானே என்று நானே கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது என்று உடனே தோன்றியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "குறைச்சல்தான், ஏழுமலை. ஆனா இதை வித்துட்டேன்னா, அவன் பண்ற கார் இங்க வரச்சே, கண்ணு தெரியாதவளுக்குக் கார் எதுக்குன்னு யாரும் வாங்க விடமாட்டா!"

தி.நகர் முதலாளியின் கணக்கு

நான் ஓட்டும் இன்னொரு முதலாளிக்குக் கோபாலபுரத்தில் வீடு, தி.நகரில் பாத்திரக்கடை. கடை வாசலில் அவரை இறக்கிவிட்டு, பார்க்கிங் தேடி நான் உஸ்மான் ரோட்டை வலம் வருவது அவருக்குப் பெரிய வயிற்றெரிச்சல். தானாக ஓடும் கார் வந்தால் அது அவரை இறக்கிவிட்டுத் தானே வீட்டுக்குத் திரும்பிவிடுமாம். பார்க்கிங் காசு மிச்சம், டிரைவர் சம்பளம் மிச்சம், பேட்டா மிச்சம். நடுவில் அதிலேயே வீட்டம்மா கோயிலுக்குப் போய் வரலாம். இன்னொரு காரை விற்றுவிடலாம். இத்தனையும் என்னிடமே சொன்னார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சந்தோஷத்தில் சொன்னார். நானும் "நல்லதுதான் சார்" என்றேன்.

பனகல் பார்க் தாண்டியதும் அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. "ஆமா, மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரைக் கடை மாடிக்கு யாருய்யா தூக்கிட்டு வருவாங்க?"

ஈக்காட்டுத்தாங்கல் பாய்

டீச்சரம்மாவின் காரை ஒரு தண்ணீர் லாரி உரசிவிட்டுப் போனது. ஈக்காட்டுத்தாங்கலில் டிங்கர் வேலை செய்யும் பாயிடம் கொண்டுபோய் விட்டேன். அவர் தட்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்க முடியாமல், "தானா ஓடற கார் எங்கேயும் இடிக்காதாம் பாய். இன்ஷூரன்ஸ்காரங்களுக்குக் கொண்டாட்டம்தான். உங்க பாடு?" என்றேன்.

பாய் சுத்தியலை நிறுத்தவே இல்லை. "அது எந்த ஊர்ல ஓட்டிக் கத்துக்கிச்சி நைனா? ரங்கநாதன் தெருவாண்ட ஒரு தபா வரச்சொல்லு. நான் இன்னும் ரெண்டு ஆளு சேத்துப் போட்டுக்கறேன்!"

முன்னால் இழுத்த சீட்

டீச்சரம்மாவின் மகன் லீவில் வந்தார். அம்மாவை அடையாறில் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள், வண்டியை வெளியே எடுக்க அவரே டிரைவர் சீட்டில் ஏறப் பார்த்திருக்கிறார். முட்டி டேஷ்போர்டில் இடித்துவிட்டது. சீட் அவ்வளவு முன்னால் இருந்தது. நானோ நெட்டை. அந்த இடத்தில் டீச்சரம்மா மாதிரி குள்ளமான ஒருவர்தான் உட்கார்ந்திருக்க முடியும்.

"அம்மா ஓட்டறாங்களா? மறைக்காம சொல்லுங்கண்ணா. யாரையாவது ஏத்திட்டா என்ன ஆகறது? இன்னிக்கே வித்துடறேன்."

ஓட்டுவதில்லை என்றேன். ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பியதும், "நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்கோ" என்பார் டீச்சரம்மா. சாவி என் சட்டைப்பையில் இருக்கும். திரும்பி வரும்போது அவர் டிரைவர் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். அவர் இறங்கியதும் காரைப் பூட்டிச் சாவியைக் கொடுப்பேன். அடுத்த முறை வந்து சீட்டைப் பின்னால் தள்ளிக்கொள்வேன். ஏன் என்று நான் கேட்டதில்லை.

இதை மகனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சரம்மா லிஃப்டிலிருந்து சுவரைத் தொட்டபடி வந்துவிட்டார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"ஏம்மா?" என்றார் மகன்.

"நீ பண்ற கார்ல நான் எந்த சீட்ல உக்காரணும்டா?"

"எதுல வேணும்னாலும் உக்காரலாம்மா."

"அப்போ இதுல உக்காந்து பழகிக்கறேன். அது வர்ற வரைக்கும் இவர் ஓட்டட்டும்."

மகன் சாவியை என் கையில் வைத்துச் சொன்னார்: "சீட்டைப் பின்னால தள்ளிட்டு எடுங்கண்ணா."

டிரைவர் இல்லாத காரால் யாருக்கெல்லாம் எவ்வளவு லாபம் என்று படித்தவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கட்டும்; அது இன்னும் ஊருக்குள்ளேயே வராத நிலையில், அதன் புண்ணியத்தில் வாரம் இரண்டு நாள் வேலையைத் தக்கவைத்துக்கொண்ட முதல் ஆள் ஒரு டிரைவர்தான்.