மாமாவோடு யாரும் சண்டை போடாத வாரம்

என் அக்கா புருஷன் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். சண்டை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கண்டக்டரோடு விசில் தாமதத்துக்காகச் சண்டை, அக்காவோடு எல்லாவற்றுக்கும் சண்டை. எதிர்த்துப் பேசுகிறவர்களைத்தான் அவருக்குப் பிடிக்கும். என்னைப் பிடிக்காது.

அந்த மனிதருக்குத்தான் நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். வார்டுக்கு மாற்றிய அன்று டாக்டர் எங்களிடம் இரண்டு விஷயம் சொன்னார். கொஞ்ச நாளைக்கு அவரை டென்ஷன் ஆக்கக் கூடாது. இனிமேல் அவர் பஸ் ஓட்டக் கூடாது. நான் ஒரு முந்திரிக்கொட்டை. லிஃப்டுக்குப் பக்கத்தில் குடும்பத்தை நிறுத்தி, இரண்டாவது விஷயத்தை வீட்டுக்குப் போன பிறகு சொல்லலாம், அதுவரை அவர் என்ன சொன்னாலும் சரி என்றே சொல்லுங்கள் என்று சட்டம் போட்டேன்.

மறுநாளே கேட்டுவிட்டார்.

"நான் எப்ப டூட்டிக்குப் போறது?"

"சீக்கிரமே போயிடலாம்ப்பா" என்றாள் மகள்.

"அடுத்த வாரம்?"

"சரிப்பா."

"டபுள் டூட்டி பாக்கவா?"

"பாருங்க மாமா" என்றேன் நான்.

அவர் என்னை முறைத்தார். திட்ட வாயெடுத்ததும் இருமல் வந்தது. இருமினால் தையல் வலிக்கும் என்பதால் நர்ஸ் கொடுத்திருந்த தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருமினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊரையே வைதவர், கோபத்தைத் தலையணைக்குள் அமுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டில் உப்பில்லை என்றார், சரி என்றோம். ஃபேன் சுற்றவில்லை என்றார். தலைக்கு மேலே அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கும் சரி என்றோம். எனக்கே எங்கள் மேல் எரிச்சலாக வந்தது.

ஆறாம் நாள் அக்காவைப் பார்த்து, "உங்க வீட்டு ஆளுங்க எல்லாருமே கஞ்சப் பிசினாறிங்க" என்றார். வேறு நாளாக இருந்தால் அக்கா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாள்.

"சரிங்க" என்றாள்.

மாமாவின் முகம் வெளிறிப்போனது.

"டாக்டர் நாள் குறிச்சுட்டாரா? உண்மையச் சொல்லு. நான் பொழைக்க மாட்டேனா?"

"அதெல்லாம் இல்ல மாமா, நீங்க நூறு வருஷம்..."

"நீ வாய மூடு. நான் டாக்டர்கிட்டயே கேட்டுக்கறேன்."

கைகளை ஊன்றி எழ முயன்றார். அதைத்தான் செய்யவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அக்கா பாய்ந்து தோளைப் பிடித்தாள்.

"கைய ஊனாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? நீங்க சாகவெல்லாம் மாட்டீங்க. பஸ்தான் ஓட்டக் கூடாது. இனிமே எப்பவுமே கூடாது. இதச் சொல்ல வேணாம்னு இந்தப் பெரிய மனுஷன்தான் சொன்னான். அப்புறம், எங்க வீட்டு ஆளுங்களா கஞ்சம்? உங்களுக்காக ஆறு நாளா லீவு போட்டுட்டு நிக்கறான் இவன்."

மாமா மெதுவாகச் சாய்ந்தார். "இதச் சொல்ல உங்களுக்கு ஆறு நாளா?" என்றார். குரலில் கோபம் குறைந்திருந்தது.

இருமல் தலையணையை ஓரமாக வைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"காலைல நாலு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுமே. எழுந்து என்ன பண்றது?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தெரியலைங்க. எனக்கும் அப்பதான் முழிப்பு வரும்."