பல்லக்கா போனை அணைப்பதில்லை

"ஒரே ஒரு நிமிஷம், இந்தக் கட்டடம் வாய மூடிக்கிட்டு இருக்காதா?"

எங்கள் மேல்வீட்டிலிருந்து தினமும் வந்த புகார் இது. யாராவது கதவை அடித்துச் சாத்தினால் வரும். தண்ணீர் மோட்டார் ஓடினால் வரும். எங்கள் வீட்டு மிக்சி இரண்டு சுற்று சுற்றினால் கட்டாயம் வரும். நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை. "உங்க பாட்டு யாருக்குச் சோறு போடுதோ தெரியாது, என் மிக்சி நாலு பேருக்குப் போடுது"ன்னு ஜன்னல் வழியாகவே கத்துவேன். மேலே சிரிப்பு கேட்கும். பிறகு மறுபடியும் முதலிலிருந்து அதே பாட்டு.

அந்தப் பெண்மணிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் தபால் பெட்டியில் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிற வேலை என்பதால் பிள்ளைகள் பல்லக்கா என்றார்கள், பெரியவர்களும் அப்படியே பிடித்துக்கொண்டோம். வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர், வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசுவார். இரண்டு மகன்கள், பெரியவர்களாகி வெளியூர் போய்விட்டார்கள். இருவரும் பாட்டு என்றால் ஓடுகிற ரகம்.

பல்லக்கா பாட ஆரம்பித்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். ஒரு பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்று அலறியிருக்கிறது. அம்மா இழுக்கிறாள், நர்ஸ் இழுக்கிறாள், தூண்தான் பாக்கி. இவள் சீட்டு எழுதிக்கொண்டே, 'நாற்காலி ஏறுது, நாற்காலி இறங்குது, நான் மட்டும் ராஜா மாதிரி குந்தியிருக்கேன்' என்று வாய்க்கு வந்ததைப் பாடியிருக்கிறாள். பிள்ளை தூணை விட்டுவிட்டு நாற்காலியைப் பார்க்கப் போய்விட்டது. டாக்டர் தலையை நீட்டி, "அடுத்த பிள்ளைக்கும் அதையே பாடுங்க" என்றாராம்.

அதன் பிறகு சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்தது. மருந்துக்கடைக்காரர் கீபோர்டு வாசிப்பார். பாலர் பள்ளி டீச்சர், பிள்ளைகள் எதற்கெல்லாம் பயப்படுகிறார்கள் என்று பட்டியல் கொண்டுவருவார். தையல்காரருக்குக் கத்தரியும் பொத்தான் டப்பாவும் போதும், அதிலேயே தாளம் போட்டுவிடுவார். பாடுவதற்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள். கம்பெனியும் கிடையாது, ஸ்டுடியோவும் கிடையாது. துணி அலமாரியைத் திறந்து, தொங்குகிற சட்டைகளுக்கு நடுவே மைக்கை வைத்துப் பதிவு செய்வார்கள். துணி எதிரொலியை விழுங்கிவிடுமாம். முடிந்த பாட்டை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நெட்டில் போட்டுவிடுவார்கள். இவர்களைப் போலவே வேறு ஊர்களிலும் ஆட்கள் இருக்கிறார்கள். "உங்க குளியல் பாட்டுல கடைசி வரி ரொம்ப நீளம், பிள்ளைக்கு மூச்சு முட்டுது, வெட்டுங்க" என்று அங்கிருந்து செய்தி வரும். இவளும் அந்த வரியை வெட்டுவாள். நான் சமைக்கப் போகிற கல்யாண வீட்டில் பந்தி பற்றிக் குறை சொன்னால்கூட எனக்கு இவ்வளவு நல்ல மனசோடு கேட்டுக்கொள்ள வராது.

பதிவு நடக்கும்போது ஒரே ஒரு சட்டம். வாசலில் துவைக்கிற துணி போடும் கூடை ஒன்று இருக்கும். உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் போனை அணைத்து அதில் போட வேண்டும். பல்லக்காவின் போன்தான் முதலில் விழும்.

ஒருநாள் டீச்சர், "பிள்ளைங்க தொலைஞ்சு போனா என்ன பண்ணணும்னு ஒரு பாட்டு வேணும்" என்றார். பல்லக்கா இரண்டே நாளில் மெட்டுப் போட்டுவிட்டாள். நின்ன இடத்துல நில்லு, அழுதாலும் பரவாயில்ல, பெரியவங்ககிட்ட நம்பரைச் சொல்லு. அதற்குப் பிறகு பத்து எண்கள். மெட்டு படி ஏறுகிற மாதிரி ஏறி, கடைசி 'ஏழு ஏழு' வரும்போது பிள்ளைகள் இரண்டு குதி குதிக்க வேண்டும்.

எந்த நம்பரைப் போடுவது என்று அரைமணி நேரம் சண்டை.

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா போட்டுடலாம்" என்றார் தையல்காரர்.

"அப்போ அது எண்ணிப் பழகுற பாட்டாயிடும்" என்றார் டீச்சர்.

"சும்மா ஏதாவது போடலாம்" என்றேன் நான்.

"சும்மா போட்டா அது யாரோட நம்பராவது ஆயிடும். அந்த ஆளு பாவம்ல?" இது மருந்துக்கடைக்காரர்.

பல்லக்கா கையைத் தட்டினாள். "என் நம்பரையே போடுங்க. கடைசியில ஏழு ஏழு வருது, குதிக்க நல்லாருக்கும். எவனாவது கூப்பிட்டா நான் பேசிக்கிறேன்."

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து கைதட்டினோம்.

அந்தப் பாட்டு போன வேகத்தில் வேறு எதுவும் போனதில்லை. பாலர் பள்ளிகளில் போட்டார்கள், வேன்களில் போட்டார்கள். நான் கடைக்குப் போனால் முன்பின் தெரியாத பிள்ளை ஒன்று தள்ளுவண்டியில் உட்கார்ந்து ஏழு ஏழு என்று குதிக்கும். பெருமையாகத்தான் இருந்தது. சொந்த வீட்டு நம்பரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தார்களா என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. பாட்டே சொல்லிக்கொடுத்துவிட்டது என்று பெற்றவர்கள் இருந்துவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு. மருந்துக்கடைக்காரர் மட்டும் வரவில்லை. மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். அந்தக் குட்டிப் பெண்ணை உருண்டை என்று கூப்பிடுவோம், கன்னம் அப்படி. கூட்டத்தில் உருண்டை, அம்மா போட்டிருந்த மாதிரியே பச்சைத் துப்பட்டா போட்ட யாரோ ஒருத்தியின் பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறிவிட்டது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு கண்டக்டர் பார்த்திருக்கிறார், சீட்டில் ஒரு பிள்ளை.

உருண்டை பாட்டில் சொன்னபடியே எல்லாம் செய்தது. நின்ற இடத்தில் நின்றது. கொஞ்சம் அழுதது. பெரியவர்களிடம் நம்பரைச் சொன்னது, பத்து எண்களையும் தடுமாறாமல், குதியோடு. கண்டக்டரும் பஸ் நிலையத்துப் போலீஸ்காரரும் அசந்துபோனார்களாம். கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. சரி, அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை போலிருக்கிறது, வந்துவிடும் என்று அதே நம்பருக்கே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். பிள்ளை இவ்வளவு தெளிவாகச் சொன்னதால்தான் வேறு எங்கேயும் விசாரிக்கவே இல்லை. இந்தப் பக்கம் மருந்துக்கடைக்காரரும் உதவி கேட்டு எங்கள் ஒவ்வொருவருக்கும் போட்டிருக்கிறார். எல்லாருடைய போனும் கூடையில்.

பதினொரு மணிக்குத் தொலைந்த பிள்ளை. மூன்றரை மணிக்குப் பதிவு முடிந்து பல்லக்கா கூடையிலிருந்து போனை எடுத்து உயிர் கொடுத்தாள். வரிசையாகத் தகவல் வந்து விழுந்தது, அறுபத்தொரு அழைப்புகள். அவள் முகம் மாறியதைப் பார்த்து நான் அவள் மகன்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

திருப்பிக் கூப்பிட்டதும் பிள்ளை கிடைத்துவிட்டது, ஒரு கீறல் இல்லை. ஆனால் அந்த நாலரை மணி நேரத்தில் தாய்க்கு மயக்கம் வந்து மூன்று முறை தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்.

மறுநாள் பல்லக்கா மருந்துக்கடைக்குப் போனாள். துணைக்கு நான் போனேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, என்னை நாலு வார்த்தை திட்டிடுப்பா."

"எதுக்குக்கா திட்டணும்? பாட்டு ரொம்ப நல்ல பாட்டு. என் பொண்ணுக்கு எங்க நம்பர் தெரியாது, உங்க நம்பர் தெரியும். அவ்ளோ நல்ல பாட்டு."

"நீயும்தானேப்பா வாசிச்சே..." என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இரு" என்றாள் பல்லக்கா.

"ஆமா, நானும்தான் வாசிச்சேன்" என்றார் அவர். "அதான் அந்தக் கீபோர்டை இனிமே தொடப் போறதில்ல. அடுத்தவங்க நிக்கிறாங்க, நகருங்க."

அன்றோடு கூட்டம் இரண்டாகிவிட்டது. சரி, தப்பு என்று ஆளுக்கொரு பக்கம் பேசி, கடைசியில் யாரும் வருவதில்லை என்றாகிவிட்டது. பல்லக்கா பாட்டை நெட்டிலிருந்து எடுத்தாள். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான், அதற்குள் எத்தனை போன்களில் ஏறியிருக்கிறதோ யார் கண்டது. பிறகு நம்பர் வருகிற இடத்தை வெறும் கைதட்டலாக விட்டு, 'இங்கே உங்கள் வீட்டு நம்பரைப் பாடுங்கள்' என்று புதிதாக ஒன்று செய்தாள். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாள். கைதட்டல் வந்தது. பன்னிரண்டு வாயும் ஒரே குரலில் பல்லக்காவின் நம்பரைப் பாடின. ஏழு ஏழு, குதித்தார்கள். அவள் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவம், பிள்ளைகள் ரொம்ப நன்றாகப் பாடிவிட்டோம் என்று கைதட்டலுக்குக் காத்திருந்தார்கள்.

ஒன்றரை வருஷமாக அவள் போன் அணைந்ததில்லை. நம்பரை மாற்றச் சொன்னேன். "மாத்திட்டா, அங்க நிக்கிற பிள்ளைக்கு யாருடி பதில் சொல்றது?" என்றாள். குளிக்கப் போனால் சோப்புப் பெட்டியில் போன். ஆஸ்பத்திரியில் மடியில் போன். டாக்டர் நல்லவர், ஆனாலும் புலம்புவார்: "அக்கா, நாம இங்க பல்லு பிடுங்குறமா, பிள்ளை தேடுறமா?"

ஒரு நாளைக்கு இருபது அழைப்புகள் வருகின்றன. முக்கால்வாசி விளையாட்டு. "பல்லக்கா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுக் கீச்சென்று சிரித்து வைத்துவிடும். திட்டமாட்டாள், திட்டினால் தொலைந்த பிள்ளையும் பயந்துவிடுமாம். நிஜமாகவே தொலைந்தவர்கள் இதுவரை ஏழு பேர். போன மாதம் நான் கூட இருந்தபோது ஒன்று வந்தது, ஏதோ ரயில் நிலையத்திலிருந்து ஒரு ஆள்.

"ஏம்மா, உங்க பையன் இங்க நிக்கிறான், வந்து கூட்டிட்டுப் போங்க."

"அவன் என் பையன் இல்லீங்க. சொல்றதக் கேளுங்க, போனை வச்சிடாதீங்க. இந்த நம்பர் ஒரு பாட்டுல வர்றது. அவன்கிட்ட போனைக் குடுங்க... கண்ணா, நான்தான் பாட்டுல வர்ற அக்கா. அது என் நம்பர்டா. உங்க வீட்டுல அம்மாவ எல்லாரும் என்னன்னு கூப்பிடுவாங்க? ஸ்கூல் சட்டையில என்ன படம் போட்டிருக்கு?"

இருபது நிமிஷம் பேசி, சட்டையில் இருந்த வாத்துப் படத்தை வைத்துப் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தாயைப் பிடித்தார்கள். வைத்ததும் போனை மறுபடியும் சார்ஜில் போட்டாள். "ஏழும் கிடைச்சுது. எட்டாவது கிடைக்கலைன்னா?" என்றாள்.

இப்போது அவள் கண்டுபிடித்திருக்கிற வழி ஒன்றுதான். எல்லாருக்கும் ஒரே பாட்டு கிடையாது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக நிறுத்தி, அதே மெட்டில் அதன் சொந்த வீட்டு நம்பரைப் பாட வைத்து, அதன் குரலிலேயே பதிவு செய்து, அந்த வீட்டுக்கு மட்டும் கொடுப்பது. தன் குரலில் கேட்டதைப் பிள்ளை மறக்காது என்கிறாள். முதல் ஆளாக வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? உருண்டை. அப்பா வரவில்லை. அம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். உள்ளே வந்தவள், "அவருக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னாள்.

பதிவுக்கு அமைதி வேண்டும், போனையும் அணைக்கக் கூடாது. ஆகவே போனை என் கையில் கொடுத்து மாடிப்படிக்கு அனுப்பினாள். அரைமணி நேரத்தில் மூன்று அழைப்புகள், மூன்றும் விளையாட்டுப் பிள்ளைகள். எடுக்கிற ஒவ்வொரு தடவையும், அம்மா பேர், சட்டைப் படம் என்று கேட்க வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உள்ளே உருண்டை நாலு தரம் பழைய நம்பரையே பாடியதாம். ஐந்தாவது தரம் அப்பாவின் நம்பரைப் பாதி வரை சரியாகப் பாடி, முடிவில் பழக்கத்தில் ஏழு ஏழு என்று குதித்துவிட்டது. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள் பல்லக்கா.

ஒரு பிள்ளைக்கு இப்படி எத்தனை நாள் ஆகுமோ. அந்தப் பாட்டைப் பாடுகிற பிள்ளைகள் எத்தனை ஆயிரமோ. எனக்கு அடுப்பு இருக்கிறது, எப்போதும் படியில் உட்கார முடியாது. அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஏழு ஏழு என்று குதிக்கிற வாண்டு இருந்தால் கூட்டிக்கொண்டு போய் அவளைப் பாருங்கள். சனி, ஞாயிறு காலையில் இருப்பாள். பின்பக்கப் படி, மூன்றாவது மாடி, இடது கதவு. மணி வேலை செய்யாது, மெதுவாகத் தட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள், கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். ஒருவர் பிள்ளையோடு உள்ளே போகட்டும், இன்னொருவர் படியில் உட்கார்ந்து அந்தப் போனை எடுக்கட்டும்.