சரஸ்வதியக்கா கொடுத்த நல்ல தண்ணீர்

பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் சுற்றுச்சூழல் சட்டம் நடத்துகிறேன். ஐரோப்பியச் சட்டமும் பன்னாட்டு ஒப்பந்தங்களும் என்ன சொல்கின்றன? கேடு வருமுன் தடு, ஐயமிருந்தால் பொறு, கெடுத்தவரே செலவை ஏற்கட்டும், மக்களுக்குத் தகவல் சொல்லி அவர்கள் பேச்சையும் கேள். பதினோரு வருடமாக இதைச் சொல்கிறேன். இதெல்லாம் சூலூர் வரைக்கும் வருமா என்ற சந்தேகம் மட்டும் தீரவில்லை. அங்கே ஒரு சாயப்பட்டறையின் விரிவாக்கத்துக்கு வெள்ளிக்கிழமை கருத்துக்கேட்புக் கூட்டம் என்று தெரிந்ததும், முந்தைய செவ்வாயன்றே கிளம்பிவிட்டேன்.

சூலூருக்குக் காலை 7.40 பஸ். நாற்பது நிமிடம், இருபது ரூபாய். அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோ, நூற்றைம்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னையே பார்த்தபடி வந்தார்.

“ஏனுங்க, நீங்க கம்பெனி ஆளுங்களா, கவருமெண்டு ஆளுங்களா?”

“ரெண்டும் இல்லைங்க, வாத்தியார்.”

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பட்டறை மேலாளர் முதலில் காட்டியது மீன் தொட்டியை. சுத்திகரித்த நீராம். “துணியெல்லாம் ஐரோப்பாவுக்குப் போவுதுங்க. தப்புப் பண்ணுனா அவங்க உடுவாங்களா?” என்றார். மீன்களை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றுவீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு டீ சொன்னார். கேட்டதும் விரிவாக்கத்துக்கான சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டார், அதுவே எனக்கு உறுத்தியது. நானூறு மீட்டர் தள்ளி சரஸ்வதி என்பவரின் கிணறு, நீர் குடிக்கத் தக்கது என்று அதில் இருந்தது.

ஆறு நிமிட நடை. தென்னைகளின் ஓலை நுனி கருகிக் கிடந்தது. சரஸ்வதியக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும்.

“இந்தத் தண்ணிய மாடே மோந்து பாத்துட்டுப் போயிருதுங்க சார்,” என்றார்.

அப்புறம் அறிக்கை ஏன் அப்படிச் சொல்கிறது? அக்கா பட்டறையிடம் காசு வாங்கியிருப்பாரோ என்றுகூட நினைத்தேன். சோதனைக்கு யாரும் வந்தார்களா என்று கேட்டேன்.

“மூணு பேரு வந்தாங்க. பாட்டில்ல தண்ணி வேணும்னாங்க. ஊட்டுக்கு வந்தவங்களுக்கு உப்புத் தண்ணியக் குடுப்பமுங்களா? பஞ்சாயத்துக் குழாயில புடிச்சு வெச்ச நல்ல தண்ணிய ஊத்திக் குடுத்துப்போட்டேன்.”

அந்த பாட்டிலில்தான் கிணற்றின் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். மூன்று படித்தவர்கள், ஒருவர்கூடக் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை. எரிச்சலோடு விளக்கினேன்.

“என்ற கெணத்துக்கு நானே பொய்ச்சாட்சி சொல்லிப்போட்டனுங்களா?”

இவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாக இருந்தது. இருவரும் உட்கார்ந்து ஆட்சேபணை மனு எழுதினோம். வெள்ளிக்கிழமை அக்கா நடந்ததை அப்படியே, தன் தவறையும் சேர்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது, அதிகாரி சிரிக்கவில்லை. மறுபடி நீர் எடுக்க உத்தரவிட்டார். இந்த முறை அக்காவே வாளியை இறக்கினார்.

முடிவு இன்னும் வரவில்லை. நல்லபடியாக வரும் என்று நான் நம்பவும் இல்லை.

இதுபோல் போகிறவர்களுக்கு: கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பே போங்கள். தமிழ்ச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள கிணறுகளுக்கு நடந்தே போய்ப் பாருங்கள். வீட்டில் தண்ணீர் கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். ஆனால் சோதனை பாட்டிலை மட்டும் கிணற்றடியில் நின்று நிரப்புங்கள்.