பீப்பி விழுங்கிய குட்டி

“நாய்க்குப் பொம்மை வாங்கறதுக்கா கண்ணு நீ காலேசு வரைக்கும் போன?” என்று அப்பா கேட்டார். அவர் கையில் வார் அறுந்த செருப்பு இருந்தது. வாரை மென்று அறுத்த கறுப்புக் குட்டி அவர் காலடியிலேயே உட்கார்ந்து, மிச்சத்தையும் தருவார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மலையின் இன்னொரு பக்கத்தில் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து மாமா அதைக் கொண்டுவந்து விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. எங்கள் பழைய நாய் இறந்த பிறகு மரவள்ளிக் காட்டுக்குள் பன்றிகள் தைரியமாக இறங்கத் தொடங்கிவிட்டன. காவலுக்கு ஒரு நாய் வேண்டும், அவ்வளவுதான் அப்பாவுக்கு. பொம்மையோடு வளர்ந்த நாய் பன்றியைக் கண்டால் வாலாட்டும் என்று உறுதியாக நம்பினார்.

எனக்கு வேறு பயம். குட்டிக்கு மூன்று மாதம், பல் மாறுகிற பருவம். செருப்பு, துடைப்பம், முறத்தின் விளிம்பு எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நடவுக்காகக் கட்டி வைத்திருந்த மரவள்ளிக் குச்சிகளுக்கு வந்துவிட்டது. மரவள்ளி இலையைத் தின்று ஆடு செத்ததை எங்கள் பக்கம் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் குச்சியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அது விதை. குச்சியின் பட்டையிலும் அதே நஞ்சு உண்டு என்று சொன்னேன். அப்பா உடனே குச்சிக் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டார்.

நான் படித்துச் சொன்னால் எங்கள் வீட்டில் அது நடக்கும். உர மூட்டை, மருந்துச் சீட்டு, பேங்க் கடிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும். அச்செழுத்தை வாசிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

குச்சியைப் பிடுங்கினால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. செம்மேட்டில் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தின் காரியமாக நாமக்கல் போனபோது, நாய்ச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். எலும்பு வடிவத்தில் ஒரு பச்சைப் பொம்மை இருந்தது. அமுக்கினால் பீப்பி ஊதுகிற மாதிரி கத்தியது. அட்டையைத் திருப்பி, ஆங்கிலத்தில் இருந்ததை வரி விடாமல் படித்தேன். நச்சு இல்லாதது, குட்டிகளுக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருந்தது. பொம்மையைவிட அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்திருக்கிறேன். அச்சில் இருப்பதை வாசிக்கக் கற்றுக்கொள்ளவே எனக்குப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. அதைச் சந்தேகப்படலாம் என்று தோன்றவே இல்லை.

இரண்டு நாள் வீடு முழுக்கப் பீப்பிச் சத்தம். மூன்றாம் நாள் மதியம், வாசலில் காயும் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தி, “ஏங் கண்ணு, பீப்பிச் சத்தத்தைக் காணோம்?” என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். பொம்மையின் ஒரு முனையைக் குட்டி மென்று துளையாக்கியிருந்தது. உள்ளே இருந்து சத்தம் போடும் சின்ன வெள்ளை வில்லை இல்லை. மிளகுப் பாயைத் தூக்கிப் பார்த்தோம், வாசலைக் கூட்டினோம், மாட்டுத் தொட்டி வரைக்கும் தேடினோம். அப்பா கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். குட்டியும் என்ன ஏதென்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து தேடியது.

“படிச்சுப் பாத்துத்தானே வாங்குன?” என்றார் அப்பா. திட்டவில்லை, உண்மையாகவே கேட்டார்.

“பாத்தேன்ப்பா.”

குட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டால், இனிமேல் நான் வாசித்துச் சொல்வதை இந்த வீட்டில் யார் நம்புவார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது. அந்த நேரத்தில் அப்படி நினைத்தேன் என்பது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

குட்டியைத் துண்டில் சுற்றி, அடுத்த பஸ்ஸில் செம்மேட்டுக்குக் கொண்டுபோனேன். கால்நடை டாக்டரம்மா வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்தார்.

“வாந்தி எடுத்துச்சா?”

“இல்லீங்க.”

“சாப்புடுதா?”

“இப்பக்கூட என் துப்பட்டாவைச் சாப்புட்டுக்கிட்டுத்தாங்க இருக்குது.”

அவர் சிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. சின்னதாக, கூர் இல்லாமல் வட்டமாக இருந்தால் பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும் என்றார். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வழக்கமான சாப்பாடே போதும், இரண்டு மூன்று நாள் கழிவதைக் கிளறிப் பார்க்க வேண்டும். சாப்பிட மறுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ உடனே நாமக்கல்லுக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

பிறகு என் கையில் இருந்த பச்சை எலும்பை வாங்கிக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே இறங்கி ஒரு துணுக்கே பெயர்ந்து வந்தது. “இவ்வளவு மெத்துன்னு இருந்தா பிச்சு முழுங்கிரும். நகமே பதியலைன்னா பல்லு உடைஞ்சிரும். அழுத்துனா தடம் விழணும், பேந்து வரக் கூடாது. வாயை முழுசாத் தொறந்தாலும் உள்ள போகாத அளவுல வாங்குங்க. உள்ள பீப்பி, மணி எதுவும் வேண்டாம். வேகவெச்ச எலும்பும் போட்றாதீங்க, சில்லு சில்லா உடையும்.”

நடவு நேரத்தில் அம்மாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு மரவள்ளிக் குச்சியையும் நகத்தால் சுரண்டிப் பார்ப்பது என் வேலை. உள்ளே பச்சை தெரிந்து பால் கசிந்தால் நடவுக்கு, இல்லாவிட்டால் அடுப்புக்கு. அதே நகத்தோடுதான் அந்தக் கடைக்குள் போயிருந்தேன். ஒரு தடவைகூட அழுத்திப் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் நான் எழுவதற்குள் அப்பா ஒரு குச்சியோடு குட்டியின் பின்னால் போய்விட்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விடவில்லை.

“ஏனுங்க மாமா, நாய்க்குப் பின்னாடியே போறீங்க, அத்தையோட கம்மலை முழுங்கிருச்சுங்களா?”

“கம்மலா இருந்தாத்தான் கவலையே இல்லியே. போ புள்ள, போய்ச் சோறாக்கு.”

மூன்றாம் நாள் காலையில் காட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “கண்ணு! வந்துருச்சு! வந்துருச்சு கண்ணு!”

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். குழாயடியில் கழுவி, பலா இலை ஒன்றில் வைத்து அப்பா நீட்டினார். சட்டைப் பொத்தான் அளவு வெள்ளை வில்லை, ஒரு கீறல்கூட இல்லை. பின்னாலேயே வந்த அம்மா, “அதைய ஊதிகீதிப் பாத்துராதீங்க!” என்று கத்தினார். குட்டி தன் சொத்து என்று நினைத்து இலையை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினோம். அன்று காலை சந்தோஷத்தில் நான் இரண்டு தடவை பல் தேய்த்தேன். முதல் தடவை தேய்த்தது நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் சேர்ந்து அதே கடைக்குப் போனோம். அப்பா ஒவ்வொன்றையும் எடுத்து நகத்தால் அழுத்தினார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“ஏனுங்க, கொய்யாப்பழமா இது, அமுக்கி அமுக்கிப் பாக்கறீங்க?”

“கொய்யாவா இருந்தா கடிச்சே பாத்துருவனுங்க.”

கடைசியில் கறுப்பு ரப்பர் வளையம் ஒன்று தேறியது. கனமானது, உள்ளே ஒன்றும் இல்லை, நகத்தின் தடம் விழுந்து மெல்ல மறைந்தது. அதன் அட்டையைக் கடைசியாகத்தான் திருப்பினேன்.

“என்ன போட்டிருக்குது?” என்றார் அப்பா.

“பாதுகாப்பானதுன்னு.”

“எல்லாத்துலயும் அதத்தான் போடுவானுங்க போல. சரி, நீ என்ன சொல்ற?”

“இது ஆகும்ப்பா.”

அவர் வாங்கிப் பையில் போட்டார். திரும்பும் வழியில் சோளக்காட்டுச் சந்தையில் இறங்கிப் பெரிய கேரட்டாகப் பொறுக்கினேன். குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுத்தால் ஈறு வலிக்கு இதம், நாங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பழைய துண்டை முடிச்சுப் போட்டும் கொடுத்துப் பார்த்தேன். நூல் பிரியத் தொடங்கியதும் பிடுங்கிவிட்டேன்.

இப்போது சாயங்காலம் ஆனால் அப்பா வளையத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார், மறுபக்கத்தைக் குட்டி. கேட்டால், “வெளையாடல, பன்னிக் காலைப் புடிக்கப் பழக்கறேன்” என்கிறார்.

குட்டி வாரத்துக்கு வாரம் வளர்கிறது. முந்தாநாள் வளையத்தை முழுதாக வாய்க்குள் அடக்கப் பார்த்தது, முக்கால்வாசி உள்ளே போயும்விட்டது. அதை அப்போதே பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அப்பா குட்டியின் வாயைத் திறந்து பிடிக்க, நான் தையல் டேப்பால் அளந்து, போட்டோ எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். அதைவிடப் பெரிய வளையம் ஒன்றைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அது வரும் மதிய பஸ்ஸுக்காக இப்போது சோளக்காடு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.