வெங்காயச் சருகு என்று எழுதிய சரஸ்வதி அக்கா

வேலூர் கடையிலிருந்து போன் வந்தால் ஏதோ ஒரு புடவை ரகம் தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அன்றைக்கும் பென்சிலை எடுத்துக்கொண்டுதான் பேசினேன். "சித்தி, அம்மா போய்ட்டாங்க" என்றான் அக்கா மகன். என் ஓரகத்தி சரஸ்வதி அக்காவை ஆரணியில் தெரியாதவர் இல்லை. ஆனாலும் உங்களிடம் பேசினால்தான் எனக்கு ஆறும்.

எழுபதுகளின் கடைசியில் நெய்த புடவைகள் வீட்டிலேயே தேங்கிக் கிடந்தன. தீபாவளிக்குள் விற்காவிட்டால் தறிகளைப் பாகம் பிரித்துக்கொண்டு தனித்தனியே போவது என்று எங்கள் கணவர்கள், அண்ணனும் தம்பியும், முடிவு செய்துவிட்டார்கள். ஒரே அடுக்களையில் சண்டையும் சிரிப்புமாகக் கிடந்த எங்கள் இருவருக்கும் பிரிய மனமில்லை. "வெளியூருக்கு நோட்டீஸ் அடிச்சு அனுப்பலாண்டி" என்றார் அக்கா.

மற்ற கடைகளின் நோட்டீஸைப் பார்த்து, "கண்ணைக் கவரும் வண்ணங்களில் உயர்தரப் பட்டு" என்று ஆரம்பித்தேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார். "அடிக்கப் போறது கறுப்பு மையில. கண்ணைக் கவருதுன்னா இன்னா கலர்னு வாங்கறவளுக்கு எப்டிடி தெரியும்?" அடுப்படியிலேயே இருவரும் யோசித்து யோசித்து எழுதினோம். வெங்காயச் சருகு நிறம், மாந்துளிர்க் கரை. கத்திரிப்பூ உடல், எலுமிச்சை முந்தி. மடித்தால் மேலே தெரியும் பக்கத்தில் கடைப் பெயர் வேண்டாம், புடவைதான் வரவேண்டும் என்றும் அக்கா பிடிவாதமாகச் சொன்னார்.

அக்காவின் கணவர் வாங்கிப் பார்த்தார். "பட்டு விக்கறியா, மளிகைக் கடை வெச்சிகினு கீறியா?"

"வெங்காயம் உரிக்காத பொம்பளை எந்த ஊர்ல கீறா, சொல்லுங்க."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அச்சகத்துக்குப் புறப்பட்டார்.

"அந்த வெங்காயச் சருகுப் புடவை இருக்கிறதா?" என்று கேட்டு ஊர் ஊராகக் கார்டுகள் வந்தன. தீபாவளிக்கு முன்பே வீட்டில் கிடந்த புடவையெல்லாம் விற்றுத் தீர்ந்தது. பாகப் பேச்சும் நின்றது. நாங்கள் அடுப்பைக்கூடப் பார்க்காமல் கட்டிக்கொண்டு சிரித்ததில் சாம்பார் அடிப்பிடித்தது.

அதன்பின் வருஷா வருஷம் நோட்டீஸ் போட்டோம், வியாபாரம் பெருகியது. பெருகியதால் வேலூரில் ஒரு கடை தேவைப்பட்டது. அதைப் பார்த்துக்கொள்ள அக்கா குடும்பம் போகவேண்டி வந்தது. விற்காவிட்டால் பிரிந்துவிடுவோம் என்று பயந்துதான் எழுதினோம். கடைசியில் விற்றதால் பிரிந்தோம்.

இரண்டு கடையும் நன்றாக நடக்கின்றன. எனக்கு அக்காதான் வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, வேலூர் பஸ்ஸின் படியில் நின்று, என் கையை விடாமல் அவர் சொன்னது ஒன்றுதான்.

"நாம இன்னும் கொஞ்சம் மோசமா எழுதியிருக்கலாண்டி, விமலா."