மாடு பிடிக்க எத்தனை பேர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் வரும். மாடு பிடிக்கும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பொறுத்துப் படிக்கவும்.

தொண்ணூற்றெட்டு வாக்கில், காஞ்சிபுரத்தில் தெரு மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைக்கும் குத்தகை எங்கள் மேஸ்திரியிடம் இருந்தது. ஆட்கள் நானும் மணியும். ஒரு நாள் காலையில் நெசவுக்கார அம்மா ஒருவர் ஓடி வந்தார். கல்யாணச் சேலைக்கான பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றுமுன் நீட்டுகிற நூல் இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவியிருக்கிறார்கள். அந்தக் கஞ்சிக்கு ஒரு காளை சுற்றுகிறது.

"வாய வெச்சுதுன்னா பாவே போச்சுபா! பொண்ணு வூட்டுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?"

அங்கே ஒரு முச்சந்தி. மூன்று தெருவும் கடைசியில் இரண்டிரண்டு முட்டுச் சந்தாகப் பிரியும். முதல் தெருவில் பாவு. நாங்கள் போனபோது காளை எதில் என்று தெரியவில்லை. மாடி வீட்டுக் கணக்கு சார், கல்லூரியில் பாடம் எடுப்பவர், மேலிருந்து கூப்பிட்டார்.

"மாடு எங்கேன்னு தெரியாம தேடினா மூணு பேர் வேணும்ப்பா. ஒருத்தர் மேலேர்ந்து பார்த்துச் சொன்னா கீழே ரெண்டு பேர் போறும். புள்ளியும் கோடுமா வரைஞ்சு போடற கணக்கு, கிராஃப் தியரி, அதுல இதை அகலம்னு அளப்போம். தெரிஞ்சு பிடிக்கறது ட்ரீவிட்த், தெரியாம தேடறது பாத்விட்த். ஆள் கணக்குல ஒண்ணு குறைச்சா அகலம். முதலாவது ரெண்டாவதைத் தாண்டவே தாண்டாது."

"அகலமா? அது ஒல்லி மாடு சார்" என்றார் மேஸ்திரி. ஆனாலும் என்னை மாடிக்கு அனுப்பினார். சார் குளிக்கப் போனார்.

காளை இரண்டாம் தெருச் சந்தில் நின்றது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் எதிர் மாடியில் பெண்கள் வடகம் பிழிந்துகொண்டிருந்தார்கள். கத்த வெட்கமாக இருந்தது. கையை வீசிக் காட்டினேன். நான் வடகத்துக்குக் காக்கா ஓட்டுகிறேன் என்று நினைத்து, மேஸ்திரி மணியோடு மூன்றாம் தெருவுக்குள் போய்விட்டார். காலியான முச்சந்தியைக் காளை நிதானமாகக் கடந்து, பாவு இருந்த தெருவுக்குள் நுழைந்து, மூக்கை நீட்டியது.

"மேஸ்திரி! பாவுகிட்ட! பாவுகிட்ட!"

என் குரலா என்று எனக்கே சந்தேகம். காளை மிரண்டு பாவை ஒட்டியே ஓடியது. மேஸ்திரி ஓடி வந்து முச்சந்தியை அடைத்தார். காளை கோடிச் சந்து ஒன்றுக்குள் புகுந்ததும் மணி தெருக்கோடிப் பிரிவில் போய் நின்றான். "வலது சந்து!" என்று கத்தினேன். மேஸ்திரி மணியைத் தாண்டி உள்ளே போய்க் கயிற்றைப் போட்டார். பாவில் ஓர் இழைகூட அறவில்லை.

"கோயில் மைக்கு மாதிரி இருக்குதே! இந்தத் தொண்டைய இம்மா நேரம் எங்கபா வெச்சுக்கினு இருந்த?" என்றார் அந்த அம்மா. எதிர் மாடியே சிரித்தது.

சார் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நடந்ததைக் கேட்டார். "நீ பார்த்தே, சரி. அவாளுக்குத் தெரியலையே! வாயைத் திறக்கற வரைக்கும் பாத்விட்த் கணக்குதான், கீழே மூணு பேர் வேணும்."

அதனால் புதியவர்களே, ஆள் குறைவாகப் போகிற நாளில் மாடியில் நிற்கிறவன் கத்த வேண்டும். எதிர் மாடியைப் பார்க்கக் கூடாது.

எழுதி முடித்தது: 2007, பங்குனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை.