பீடத்தில் ஏறிய நாடகக்காரர்

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்களுக்கு வீடு கிடைத்த வருஷம், அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்த மாமா, ஒரு படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவர் தோட்ட வேலை பார்த்த பங்களாவின் பிரெஞ்சுத் துரை ஊர் திரும்பும்போது கொடுத்தாராம். படத்தில் மீசைக்காரர் ஒருவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார், வாயில் கைக்குட்டை. இரண்டு பக்கமும் கன்னியாஸ்திரிகள் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

யாரென்று அம்மா கேட்டாள்.

"நெஞ்சுச் சளிக்கு வேண்டிக்கிற புனிதரு, அக்கா. வெள்ளைக்காரங்கல்லாம் இவரத்தான் கும்பிடுறாங்க லா."

மாமாவுக்கு அப்போது விடாத இருமல். அம்மா மறுபேச்சில்லாமல் படத்தைப் பீடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் மெழுகுத்திரி ஏற்றுவது என் வேலை. எழுத்து எனக்கு அன்றும் ஓடாது, இன்றும் தட்டுத்தடுமாறித்தான். ஆனால் செபம் சொல்வதில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மூன்றாவது வாரம் வீட்டில் இருமல் சத்தம் நின்றது. என் செபம்தான் என்று காரிடார் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மாமா மட்டும் அடிக்கடி, காற்று வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கிவிடுவார்.

வீடு மந்திரிக்க வந்த பிரெஞ்சுச் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே பீடத்துக்கு வந்தார். படத்தைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அது புனிதர் இல்லையாம், அவர் நாட்டில் முந்நூறு வருஷத்துக்கு முந்தி இருந்த நாடகக்காரராம். நோயாளி வேஷத்தில் மேடை ஏறி நிஜமாகவே இருமினாராம். நடிப்பென்று சனங்கள் சிரித்தார்களாம். வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்ததாம். கூத்தாடி என்று கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவே யோசித்தவர்கள், பின்னாளில் அவரைப் படம் படமாக வரைந்து வைத்தார்களாம்.

அம்மா மாமாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கோயில் பங்கு நாடகங்களில் யூதாஸ், கோமாளி என்று வேஷம் கட்டுகிறவர் மாமா. அம்மாவுக்கு அது ஆகாது. கூத்தாடிப் படம் என்றால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள் என்றுதான் அந்தப் புளுகு. சாமியார் போனதும் படம் கட்டிலுக்கடியில் போனது.

அந்தக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாமா சத்திரக்காரர். மாதாவோடு தங்க இடம் கேட்டு வந்த சூசையப்பரிடம் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு இருமினார், இருமினார், அப்படி இருமினார். கோயில் மண்டபமே சிரித்தது. முதலில் கை தட்டியது நான்தான். அம்மா மட்டும் எழுந்து மேடை ஓரத்துக்குப் போய், இறங்கி வந்தவரின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் படம் பழையபடி மாதாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இவரு கூத்தாடிதானேம்மா?"

"இருந்துட்டுப் போறாரு. நீ திரிய ஏத்து."

சுகமானவருக்கு இன்னும் எதற்குத் திரி என்று முனகிக்கொண்டே ஏற்றினேன். பிறகு மாமாவின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மேடையில் இருமினது மாதிரி இன்னொரு தரம் இருமிக் காட்டச் சொன்னேன்.

காட்டினார். நான் கை தட்டினேன்.